பூட்டிய வீடுகளும் என் ஆய்வின் மாதிரியும்: எண்ணிக்கையைக் கூட்டினால் சாய்வு நீங்குமா?

தேவகோட்டை ஆய்வாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டு ஊர்களில் 60 வயதைக் கடந்தவர்களுள் எத்தனை பேர் தனியாக வாழ்கிறார்கள் என்பதையும், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை அவர்கள் விடாமல் எடுத்துக்கொள்கிறார்களா என்பதையும் அறிவதற்காக முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஐந்து ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒரு கூகுள் படிவம் தயாரித்து, ஊர்ச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினேன். பத்தே நாளில் நானூறுக்கும் மேற்பட்டோர் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை பாதி முடிந்தது என்ற மகிழ்ச்சியில், சரிபார்ப்பதற்காகப் பள்ளத்தூரில் ஒரு தெருவில் நேரில் இறங்கினேன். அங்குதான் ஐயம் தொடங்கியது.

அந்தத் தெருவில் 31 வீடுகள். 19 வீடுகளின் முகப்பில் பூட்டுத் தொங்கியது. சில வீடுகளில் காவலுக்கு இருப்பவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, "படைப்புக்கு எல்லாரும் வருவாங்க, அப்ப வாங்கம்மா" என்று, குடும்பமே கூடும் முன்னோர் வழிபாட்டு நாளைச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வீட்டில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது உள்ளே பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. பின்பக்கச் சந்து வழியாகப் போய்ப் பார்த்தால், இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் எண்பது வயதை எட்டிய ஓர் ஆச்சி தனியாக அமர்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். முன்வாசல் வரை நடந்து வந்து கதவைத் திறக்க முழங்கால் இடம் கொடுக்காததால் அதைப் பூட்டியே வைத்திருப்பதாகச் சொன்னார். காது மந்தம்; கைப்பேசியும் இல்லை. என் ஆய்வு யாரைப் பற்றியதோ அவரே அவர். ஆனால் என் கையில் இருக்கும் நானூறு படிவங்களில் அவரைப் போன்ற ஒருவர்கூட இடம்பெற வழியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீடு திரும்பிப் படிவங்களை மறுபடி புரட்டினேன். பாதிக்கு மேற்பட்டவற்றைச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் தம் பெற்றோர் சார்பில் நிரப்பியிருந்தார்கள். இதை நெறியாளரிடம் சொன்னபோது, எண்ணிக்கையை ஆயிரமாக உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எண்ணிக்கை கூடினால் இந்தச் சாய்வு உண்மையிலேயே குறையுமா? பூட்டிய வீட்டுக்குப் பதிலாக அடுத்துத் திறந்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வது முறையாகுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர்

அம்மா, உங்கள் ஐயம் சரியானது. ஆயிரமாக உயர்த்தினாலும், பத்தாயிரமாக உயர்த்தினாலும், அதே வழியில் சேர்க்கும் வரை சாய்வு இம்மியும் குறையாது.

மாதிரி ஆய்வில் தற்செயல் பிழை ஒன்று, சாய்வு ஒன்று என இரண்டு உண்டு. இன்று ஒரு நூறு பேரையும் நாளை வேறொரு நூறு பேரையும் கேட்டால் விடை சற்று ஏறியிறங்கும். அது தற்செயல் பிழை. ஆட்களைக் கூட்டக் கூட அந்த ஆட்டம் அடங்கும். சாய்வு அப்படியன்று. தராசின் ஒரு தட்டில் அடியில் புளி ஒட்டிக்கொண்டிருந்தால், நூறு முறை நிறுத்தாலும் அதே பக்கம்தான் இறங்கும். கணக்காகவே காட்டுகிறேன். ஐந்து ஊர்களிலும் சேர்த்து 1000 முதியோர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் 600 பேர் உங்கள் படிவத்துக்கு எட்டுகிறவர்கள். அந்த 600 பேரில் தனியாக வாழ்வோர் நூற்றுக்கு 20. எட்டாத 400 பேரில் தனியாக வாழ்வோர் நூற்றுக்கு 50. ஊர் முழுமைக்கும் உண்மை விடை 120 உடன் 200 சேர்ந்து 320, அதாவது நூற்றுக்கு 32. நீங்கள் எட்டுகிறவர்களுள் 100 பேரைக் கேட்டால், முன்பின் 8 விழுக்காட்டுப் பிழை எல்லையோடு 20 என்று வரும். 400 பேரைக் கேட்டால் பிழை எல்லை 4 ஆகச் சுருங்கும். விடை 20-ஐ விட்டு நகராது. அறுநூறு பேரையும் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டாலும் 20தான். விடுபட்டோரின் பங்கான 0.4-ஐ, இரு சாராருக்கும் உள்ள வேறுபாடான 30-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 12. அந்த 12 கடைசி வரை அப்படியே நிற்கும். பிழை எல்லை சுருங்கச் சுருங்க, தவறான விடையின் மீது நமக்கு நம்பிக்கை கூடுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் நடத்திய கருத்துக்கணிப்பு. தொலைபேசி ஏடுகள், கார் உரிமையாளர் பதிவுகள் முதலிய பட்டியல்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பினார்கள். ஏறத்தாழ 23 லட்சம் அட்டைகள் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வாக்குப் பெற்று வென்றார். கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். பொருளாதார மந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் வசதியானவர்கள் என்பதே பலரும் சொல்லும் காரணம். 1988-இல் அரசியல் ஆய்வாளர் பெவரில் ஸ்குவயர் பழைய தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, பட்டியலில் இருந்த குறையோடு, அட்டையைத் திருப்பி அனுப்பாமல் விட்டவர்கள் பெரும்பாலும் ரூஸ்வெல்ட் பக்கம் இருந்ததும் சேர்ந்தே இந்தத் தவறு நேர்ந்தது என்று காட்டினார். உங்கள் ஆய்விலும் இவ்விரண்டும் இருக்கின்றன. அந்த ஆச்சி வாட்ஸ்அப் குழுவில் இல்லை; அது பட்டியலின் குறை. குழுவில் இருந்தும் படிவத்தைத் திறக்காமல் விட்டவர்கள் யார், ஏன் விட்டார்கள் என்பது இரண்டாவது.

என் சொந்தப் பணி அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டத்தில் பல ஆண்டுகள், விளைச்சலை மதிப்பிடும் நெற்பயிர் அறுவடைப் பரிசோதனைக்குச் சென்றவன் நான். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, தற்செயல் எண் அட்டவணை சொல்கிறபடி நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி நடந்து, அங்கே முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடைபோட வேண்டும். எண் சொன்ன இடம் பதர் மிகுந்த இடமாக இருந்தால், இரண்டடி தள்ளி முளை அடிக்கலாமே என்று கை தானாகப் போகும். கயிற்றின் மேலேயே ஒரு தூர் நின்றால், அது கதிர் முற்றிச் செழித்த தூராக இருக்கும்போது உள்ளே சேர்க்கவும், நோஞ்சானாக இருக்கும்போது வெளியே தள்ளவும் மனம் சாயும். யாரும் பொய் சொல்ல நினைப்பதில்லை; ஆயினும் விளைச்சல் கூடிவிடும். துண்டு சிறிதாக இருந்தால் இந்தக் கேடு இன்னும் பெருகும். ஒரு மீட்டர்ச் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நான்கு மீட்டர் ஓரம் இருக்கிறது. ஐந்து மீட்டர்ச் சதுரத்தில் 25 சதுர மீட்டருக்கு 20 மீட்டர் ஓரம், அதாவது ஒன்றுக்கு 0.8 மீட்டர்தான். சிறு துண்டுகளில் அறுத்தால் விளைச்சல் உள்ளதைவிடக் கூடுதலாக வருகிறது என்பதைப் புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே 1940-களில் எழுதிக் காட்டினார். பயிர்க் காப்பீடு வந்த பிறகு, விளைந்த இடத்தை விட்டுவிட்டுக் காய்ந்த இடத்தில் முளை அடிக்கும்படி விவசாயிகள் கேட்பதையும் கண்டிருக்கிறேன்; அவர்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் அது எதிர்ப்பக்கச் சாய்வு. எண் சொன்ன இடத்தில் முளை அடிப்பது ஒன்றே எங்களுக்குக் காப்பாக இருந்தது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குப் பதிலாகத் திறந்த வீட்டை எடுத்தால், இரண்டடி தள்ளி முளை அடிப்பதாகும்.

கானாடுகாத்தான் வாசி

நான் புள்ளியியல் படித்தவன் அல்லன். பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன். ஆனாலும் மேலே அலுவலர் ஐயா எழுதியதைப் படித்தபோது, என் தொழிலில் நாள்தோறும் கேட்கும் ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. எங்கள் ஊருக்கு வருவோர் பர்மாத் தேக்குத் தூணையும், முட்டை வெண்கரு கலந்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சையும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையையும் தடவிப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் கட்டியவை எல்லாம் நூறு ஆண்டு தாங்கும்" என்பார்கள். தாங்கியவை மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஓடு சரிந்து, மழைநீர் இறங்கி, பங்காளிகளுக்குள் உடன்பாடு வராமல் இடிக்கப்பட்ட வீடுகளின் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோய்விட்டன. அந்த வீடுகளையும் சேர்த்து எண்ணாமல் பழைய கட்டுமானத்தின் ஆயுளைச் சொல்ல முடியாது.

பர்மாவுக்குப் போனவர்கள் எல்லோரும் செல்வத்தோடு திரும்பினார்கள் என்ற பேச்சும் அப்படிப்பட்டதே. 1930-களின் மந்தத்தில் கொடுத்த கடன் திரும்பாமல் போனவர்களும், 1942-இல் சப்பானியர் படையெடுத்தபோது உடுத்திய துணியோடு ஊர் வந்து சேர்ந்தவர்களும் பின்னர் அரண்மனை கட்டவில்லை. கட்டாத வீட்டை யாரும் வந்து படம் எடுப்பதில்லை.

எஞ்சியதை மட்டும் பார்த்து முடிவு சொல்லும் இந்தத் தவற்றை ஆராய்ந்தவர்களுள் ஆபிரகாம் வால்டு என்ற கணித அறிஞர் முதன்மையானவர். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் ஆய்வுக் குழுவில் பணியாற்றியவர். போரிலிருந்து திரும்பிவந்த விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைக் கொண்டு, எந்தப் பகுதி அடிபட்டால் விமானம் பிழைக்காது என்று கணிக்கும் முறையை அவர் வகுத்தார். திரும்பி வந்தவை அந்த இடங்களில் அடி வாங்கியும் தாக்குப்பிடித்தவை. அடிபட்டு வீழ்ந்தவை கணக்கெடுப்புக்கே வரவில்லை என்பதே அதன் அடிப்படை. அந்த அறிஞர் நம் நாட்டுக்கு விரிவுரையாற்ற வந்திருந்தபோது, 1950 டிசம்பரில் நீலகிரியில் விமானம் மலையில் மோதி மனைவியோடு உயிரிழந்தார். நம் மண்ணில் மறைந்த ஓர் அறிஞரை நம்மில் பலர் அறியாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

தங்கையின் ஆய்வுக்கு வருகிறேன். இடுப்பு எலும்பு முறிந்தவர்களையும், நினைவு தப்பியவர்களையும் பிள்ளைகள் சென்னைக்கோ மதுரைக்கோ அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். ஊரில் தனியாக இருப்பவர்கள் ஓரளவு தாமே சமாளிக்கக் கூடியவர்கள். அவர்களை மட்டும் பார்த்துவிட்டு, தனியாக இருக்கும் முதியோர் உடல் நலத்தோடு இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டால், காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டியல் வேண்டும் என்றால் எங்களிடம் புள்ளிக் கணக்கு இருக்கிறதே என்று யாரேனும் தங்களுக்குச் சொல்லக்கூடும். திருமணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கொண்டு ஒன்பது நகரக் கோயில்களின் வழியாக நகரத்தார் (செட்டியார்) சமூகத்தினர் வைத்திருக்கும் கணக்கு அது; புள்ளியியல் என்ற சொல் அறியாத எங்கள் அப்பத்தாவும் புள்ளி எத்தனை என்று பிசகாமல் சொல்வார். தான் எண்ண வந்ததை அது செம்மையாக எண்ணுகிறது. ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் இணையும் அதில் ஒரு புள்ளி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் கொத்தனாரும், வயல்வேலைக்குப் போகும் அம்மாளும், ஆச்சிமார் வீடுகளில் சமைத்துக் கொடுத்து முதுமை எய்தியவரும் அதில் இல்லை. தங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலும் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன். செட்டிநாட்டு முதியோர் என்று தலைப்பு வைத்தால் அவர்களும் அதற்குள் வரவேண்டும்.

புதுவயல் செவிலியர்

மாத்திரை பற்றிய பகுதிக்கு மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி மாத்திரை பெறுவோரின் பதிவு இருக்கிறது. அதிலிருந்து மாதிரி எடுக்கலாம் என்று தோன்றும். நோய் கண்டறியப்பட்டவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். தமக்கு அழுத்தம் இருப்பதே தெரியாதவர் அதில் வரமாட்டார். மருத்துவமனை வாசலில் நின்று வருவோரைக் கேட்பதும் அதே அளவு சிக்கலானது. மாதம் நான்கு முறை வருபவர் உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு, ஆண்டுக்கு ஒரு முறை வருபவரைவிட 48 மடங்கு. பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் நின்று எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறீர்கள் என்று கேட்டாலும் இதேதான் நடக்கும்.

சரியான ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகும் விடையில் சாய்வு வரும் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா ஆச்சி?" என்று கேட்டால், அருகில் மருமகள் நிற்கும் வரை, "அதெல்லாம் விடாமப் போடுறேன்" என்றுதான் விடை வரும். நான் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். "அட்டையை எடுத்துக் காட்டுங்க ஆச்சி" என்பேன். கொடுத்த தேதியும் மீதமுள்ள மாத்திரைகளும் கணக்கைச் சொல்லிவிடும். சென்ற மாதம் ஒருவர் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து பிரிக்காத மூன்று அட்டைகளை எடுத்து வந்தார். பிள்ளைகள் நிரப்பிய உங்கள் படிவத்தில் அவர் ஒழுங்காக எடுத்துக்கொள்பவராகவே இருந்திருப்பார்.

தேவகோட்டை ஆய்வாளர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்த நானூறு படிவங்களை முடிவு சொல்லப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கேள்விகளின் சொல்லமைப்பைத் திருத்த மட்டும் அவை உதவும். ஐந்து ஊர்களிலும் எல்லாத் தெருக்களுக்கும் நானே நடந்து வீட்டுப் பட்டியல் எடுக்கவிருக்கிறேன். 2011-க்குப் பிறகு 2021-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறாததால், பழைய பட்டியலை நம்புவதற்கும் இல்லை.

மேலும் இரண்டு ஐயங்கள். எங்கள் பகுதியில் திருமணமான மகனை வேறு வைத்துவிடும் வழக்கம் உண்டு. ஒரே வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, சுற்றி நான்கு அறைகளில் நான்கு அடுப்பு எரியும். பக்கத்து அறையில் மகன் இருக்க, தனக்குத் தானே சமைத்து உண்ணும் தாய் தனியாக வாழ்பவரா, இல்லையா? அடுத்தது, எத்தனை முறை போயும் திறக்காத வீடுகளை என்ன செய்வது? எனக்கு உதவும் மாணவிகள் இருவரும் மூன்றாம் முறைக்கே களைத்துவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர்

அம்மா, முதல் ஐயத்துக்கு: பொதுவாக மாதிரிக் கணக்கெடுப்புகளில் ஒரே அடுப்பில் சமைத்து உண்போரை ஒரு குடும்பமாகக் கொள்வோம். அந்த வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டால் செட்டிநாட்டில் தனியாக வாழ்வோர் எண்ணிக்கை வீங்கிவிடும். வரையறையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எவ்வளவு நேர்மையாக மாதிரி எடுத்தும் பயனில்லை. ஆகவே அடுப்பு தனியா என்று ஒரு கேள்வியும், இரவில் கூப்பிட்டால் அதே கூரைக்குள் வர ஆள் இருக்கிறதா என்று இன்னொரு கேள்வியும் வைத்து, இரண்டையும் தனித்தனியே வெளியிடுங்கள். ஒரு வாசலுக்குள் நான்கு அடுப்பு இருந்தால் நான்கையும் பட்டியலில் தனி வரியாக எழுதுங்கள். ஓர் அடுப்பில் இரண்டு முதியோர் இருந்தால், யாரைக் கேட்பது என்பதைக் கதவு திறப்பவரிடம் விடாதீர்கள். நடமாட்டம் உள்ளவரே எப்போதும் கதவு திறப்பார். வீட்டுக்குள்ளும் தற்செயலாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அட்டவணை முறையைப் புள்ளியியல் அறிஞர் லெஸ்லி கிஷ் 1949-இல் வகுத்துத் தந்திருக்கிறார்.

திறக்காத வீடுகளுக்கு அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர்களான ஹான்சனும் ஹர்விட்ஸும் 1946-இல் சொன்ன வழி ஏழை ஆய்வாளருக்கு ஏற்றது. நீங்கள் 120 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, மூன்று முறை போனதில் 70 வீடுகள் விடை தந்தன, 50 தரவில்லை என்று கொள்வோம். அந்த 50-ஐயும் துரத்த வேண்டாம். அவற்றுள் 10 வீடுகளைத் தற்செயலாக எடுத்து, உங்கள் முழு உழைப்பையும் அந்தப் பத்தின் மேல் வையுங்கள்: காலையில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை, காவலாளியிடம் கேட்டு, பின்கட்டு வழியாகப் போய், எப்படியும் விடை பெறுங்கள். பிறகு கணக்கில் அந்தப் பத்து விடைகளுக்கும் ஐந்து மடங்கு எடை கொடுத்தால் ஐம்பதும் உள்ளே வந்துவிடும். பிழை எல்லை சற்று விரியும், விரியட்டும்.

படைப்பு, மாசிச் சிவராத்திரி, கல்யாண நாள்களில் போகாதீர்கள். அன்று வளவு நிறைந்திருக்கும். தனியாக வாழ்பவர் என்று ஒருவரும் தென்படமாட்டார். மாணவிகள் இருவருக்கும் ஊரைப் பிரித்துக் கொடுக்காமல், ஒவ்வோர் ஊரிலும் ஆளுக்கொரு தனி மாதிரி கொடுங்கள். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்தில் செய்த கணக்கெடுப்புகளில் கையாண்ட முறை அது. இருவர் விடையும் வெகுதூரம் விலகினால், யாரோ ஒருவர் கேட்கும் விதத்தில் கோளாறு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

படிவத்தில் பூட்டியிருந்தது என்று ஒரே சொல்லில் எழுத வேண்டாம். ஆளில்லாத வீடு, ஆள் வெளியூர் சென்ற வீடு, ஆள் உள்ளே இருந்தும் முன்கதவு பூட்டிய வீடு என்று மூன்று குறியீடு வையுங்கள். ஆய்வேட்டில் ஒவ்வொன்றும் எத்தனை என்பதை முதல் அட்டவணையிலேயே போடுங்கள். வரும் ஞாயிறு காரைக்குடியில்தான் இருப்பேன். வீட்டுப் பட்டியல் தயாரானால் எடுத்து வாருங்கள். என்னிடம் பழைய தற்செயல் எண் அட்டவணைப் புத்தகம் இருக்கிறது, முதல் ஊருக்கு உட்கார்ந்து சேர்ந்தே தேர்ந்தெடுத்துவிடலாம்.